பயத்தை வாடகைக்கு விட்ட கடை

புத்தகம் விற்கிறவனுக்கு ஒரு தொல்லைதான். வாங்கிக்கொண்டு போனவர் போனவர்தான். வாடகைக்கு விடுகிறவனுக்கு இரண்டு தொல்லை. கொண்டுபோகும்போது "இது என்ன கதை?" என்று கேட்பார்கள். திருப்பிக் கொடுக்கும்போது "இது என்னய்யா கதை?" என்று கேட்பார்கள். எவரோ எழுதியதற்குப் பதில் சொல்லிச் சொல்லி வாய் வறண்டவர்கள் உங்களில் யாராவது இருந்தால், அவர்கள் என் உறவினர்கள். இதைப் படித்துவிட்டு அவர்களாவது என்னைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்கட்டும்.

அது ரப்பர் விலை படுத்துவிட்ட காலம். மலாயாவின் ஜோகூரில் தோட்டம் தோட்டமாக ஆளைக் குறைத்தார்கள். நான் கணக்கெழுதும் சின்னக் கிராணியாக இருந்த தோட்டத்திலும், காலையில் ஆள் கூப்பிடும் பெரட்டில் என் பேரைக் கடைசியாகக் கூப்பிட்டு, "நீ போகலாம்" என்றார்கள். ஊருக்குக் கப்பல் ஏற மனமில்லாமல் பத்து பாகாட் பட்டணத்துக்கு வந்து சேர்ந்தேன். ஆற்றங்கரைக்கு அடுத்த தெருவில் சுல்தான் மரைக்காயர் கடை வைத்திருந்தார். சிலேட்டு, மை, அத்தர், தொப்பி எல்லாம் ஒரு பக்கம். மறுபக்கச் சுவர் முழுக்க வாடகை நாவல்கள். நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் சிங்கப்பூருக்கும், அங்கிருந்து தொங்கான் படகில் எங்கள் ஆற்றுக்கும் வரும். நான் ஏழாம் வகுப்புவரை இங்கிலீஷ் படித்தவன் என்றதும், "அப்ப இந்தச் சுவத்தை நீ பாத்துக்க" என்றார் மரைக்காயர். அவர் ஒரு நாவலும் படித்ததில்லை. மூன்று வருஷம் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டேன்.

மூன்று அடுக்கு

முதல் வேலை, கலந்து கிடந்த புத்தகங்களைப் பிரித்து அடுக்குவது. எப்படிப் பிரிப்பது என்று மரைக்காயரைக் கேட்டேன். "அழுவுறது ஒரு பக்கம், பயப்படுறது ஒரு பக்கம், புத்தி சொல்றது ஒரு பக்கம்" என்றார். பெரிய எழுத்தில் அச்சான பழைய காப்பியக் கதைகள் எல்லாம் அவர் கணக்கில் புத்தி சொல்கிறவை. அட்டையில் பெண் தலைவிரித்துக் கிடந்தால் அழுகை. பாழடைந்த மாளிகை இருந்தால் பயம். எனக்கோ படித்தவன் என்ற திமிர். அட்டையைப் பார்த்தா பிரிப்பது? கதையின் கருவைப் பார்த்துப் பிரிக்கிறேன் என்று கிளம்பினேன். சாபம், பழி, பூட்டிய அறை, கொடிய ஜமீன்தார், அநாதைப் பெண் என்று ஐந்து சீட்டு எழுதி ஐந்து தட்டில் ஒட்டினேன்.

மூன்று நாள் விடாமல் படித்ததில் தலை சுற்றியது. பேய்க்கதை என்று எடுத்தால், பேய் என்பது சொத்துக்காகச் சித்தப்பா போட்ட வேஷமாகப் போய், கடைசி இருபது பக்கம் எல்லோரும் அழுதார்கள். அழுகைக் கதை என்று எடுத்தால், நடுவில் செத்துப்போன மாமியார் ஊஞ்சலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டாள். சரி, காப்பியமாவது ஒழுங்காக இருக்கும் என்று பிரித்தால் அங்கேயும் சாபம், அங்கேயும் சுடுகாடு, அங்கேயும் ஒரு பூதம். ஒரே புத்தகம் ஐந்து தட்டுக்கும் சொந்தம் கொண்டாடியது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் விழிப்பதைப் பார்த்துவிட்டு, என்ன சங்கதி என்று கேட்டார் மரைக்காயர். சொன்னேன். தொப்பியைத் தூசி தட்டிக்கொண்டே சொன்னார்:

"அப்ப எல்லாத்தையும் கலந்தே வை வேலு. பயப்பட வந்தவன் பயப்படட்டும், அழ வந்தவன் அழட்டும். புஸ்தகத்துக்கு என்ன தெரியும்?"

தஞ்சாவூரில் பனி

அந்த நாவல்களில் பாதி, இங்கிலீஷ் கதையைத் தழுவி எழுதியவை. கோட்டையை ஜமீன் மாளிகை ஆக்கியிருப்பார்கள். பிரபுவை மிராசுதார் ஆக்கியிருப்பார்கள். ஆனால் அவசரத்தில் வானிலையை மாற்ற மறந்துவிடுவார்கள். வைத்திலிங்கம் கங்காணி ஒருநாள் ஒரு புத்தகத்தை என் மேஜைமேல் விரித்துவைத்து, ஒரு வரியில் விரலை ஊன்றினார். தஞ்சாவூருக்கு அருகில் மாளிகைக் கூரைமேல் பனிக்கட்டி கொட்டிக்கொண்டிருந்தது. கதாநாயகி கமலாம்பாள் நெருப்பருகே நின்று கையுறைகளைக் கழற்றிக்கொண்டிருந்தாள். வெளியே ஓநாய் ஊளையிட்டது.

"இது வெள்ளைக்காரன் ஊருக் கதைங்க. பேரை மட்டும் மாத்தியிருக்காங்க" என்றேன்.

"அப்ப ஊரு அவன் ஊரா?"

"இல்லிங்க, ஊரு தஞ்சாவூர்தான்."

"பனி?"

"பனி மட்டும் அவங்க ஊருப் பனி."

"ஓநாய்?"

எனக்கே குழம்பிவிட்டது. ஓநாய் எந்த ஊரைச் சேர்ந்தது என்று யோசித்தேன். கங்காணி தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். பிறந்து வளர்ந்த வெயில் இன்னும் அவர் தோளில் இருந்தது. அவருக்குக் கோபமில்லை, கவலைதான். தான் இல்லாத நேரத்தில் ஊரில் என்னவோ நடந்துவிட்டது என்ற சந்தேகம் முகத்தில் தெரிந்தது. புத்தகத்தை மெல்ல மூடிவிட்டுச் சொன்னார்:

"நான் இங்க வந்து இருவது வருசமாச்சு தம்பி. அதுக்கப்புறம் அங்க பனிக்கட்டி விழ ஆரம்பிச்சிருந்தா, கடுதாசியில ஒருத்தனும் எழுதலியே!"

திறக்காத கதவு

யோங் பெங் பக்கத்தில் ஒரு தோட்டத்துத் துரை சீமைக்குப் போயிருந்தார். பங்களாவைப் பார்த்துக்கொள்ளப் பெரிய கிராணியைக் குடும்பத்தோடு அங்கே குடிவைத்தார்கள். கிராணியின் மனைவி மரகதம் அம்மாள் எங்களிடம் வாரம் இரண்டு புத்தகம் எடுப்பவர். ஒருநாள் பஸ் பிடித்து அவரே கடைக்கு வந்துவிட்டார். கையில் ஒரு நாவல். தாத்தா காலத்திலிருந்து பூட்டிக் கிடக்கும் ஓர் அறை, உள்ளே யாரோ நடக்கும் சத்தம். முந்நூறு பக்கம் பயந்துவிட்டு நாயகி கடைசியில் சாவியைக் கண்டுபிடித்து, கதவில் கை வைக்கிறாள். அதற்கடுத்த பக்கம் பின் அட்டை. தையல் விட்டுக் கடைசித் தாள்கள் எங்கேயோ உதிர்ந்து போயிருந்தன. அவருக்கு முன்னால் ஐந்து பேர் அதைப் படித்துத் திருப்பியிருந்தார்கள். ஒருவரும் குறை சொல்லவில்லை.

"உள்ள என்ன இருந்துச்சு? அதை மட்டும் சொல்லிடுங்க" என்றார். நானும் அந்தக் கடைசித் தாள்களைப் பார்த்ததில்லை. தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் குரலைத் தாழ்த்தி விஷயத்தைச் சொன்னார். பங்களாவிலும் ஓர் அறையைத் துரை பூட்டிச் சாவியை எடுத்துப் போயிருக்கிறார். பத்து நாளாக உள்ளே ஏதோ நடமாடுகிறது. பிள்ளைகள் மூன்றும் ஒரே பாயில் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. திறந்தால் வேலை போய்விடும் என்கிறார் கிராணி. "கதையில திறந்தாங்களா, இல்லியா? அதுல என்ன பண்ணாங்களோ அதையே நானும் பண்ணிடுறேன்" என்றார். அந்த வருஷம் வேலை போவது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். திறக்கச் சொன்னால் ஒரு குடும்பம் தெருவில் நிற்கும். வேண்டாமென்றால் பிள்ளைகள் அந்தப் பாயிலேயே கிடக்கும். என்ன சொல்கிறேன் என்று தெரியாமலே, "திறந்தாங்க. உள்ள ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு வாரம் பஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம், கிராணி மூட்டை முடிச்சோடு இறங்குகிறாரா என்று எட்டிப் பார்த்தேன். கடைசியில் மரகதம் அம்மாள்தான் வந்தார். தோட்டத்து ஆசாரியைக் கூப்பிட்டு ஒரு பகல் நேரத்தில் கதவின் கீலைக் கழற்றியிருக்கிறார். கூரையில் ஓடு உடைந்திருந்தது. அதன் வழியாக வந்த மரநாய் ஒன்று துரையின் மெத்தையில் குட்டி போட்டிருந்தது. ஆசாரி அலறிக் கீழே விழ, மரநாய் அவர்மேல் ஏறி ஓட, பிள்ளைகள் பயம் தெளிந்து கைகொட்டிச் சிரித்திருக்கின்றன. கிராணி நடந்ததைச் சிங்கப்பூரிலிருந்த தோட்டக் கம்பெனி ஆபீசுக்கு எழுதினார். உடனே உடைந்த ஓடுகளை மாற்றச் சொல்லிப் பதில் வந்துவிட்டது. வேலையும் தங்கியது. இத்தனையும் சொல்லி முடித்துவிட்டு, புத்தகத்தை என் பக்கம் தள்ளினார்:

"ஒண்ணுமில்லன்னு சொன்னீங்க, நாலு குட்டி இருந்துச்சு. இனிமே கதை தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க தம்பி, நாங்க பாத்துக்குறோம்."

பென்சில் வைத்தியம்

ஏசுதாசன் டிரஸ்ஸராக இருந்தவர். ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஊசி போடுவது, மருந்து கலக்குவது, காய்ச்சல்காரர்களோடு மல்லுக்கட்டுவது எல்லாம் அவர் வேலை. எங்களிடம் ஒரு நாவல் இருந்தது. அதில் ஒரு டாக்டர், மனிதன் தெரிந்துகொள்ளக் கூடாததைத் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறார். சாகக் கிடக்கும் மனைவியை ஒரு பச்சைத் திராவகத்தால் சாவுக்கும் உயிருக்கும் நடுவில் நிறுத்திவைக்கிறார். டிரஸ்ஸர் அதை எடுத்துப்போய்த் திருப்பியபோது ஓரமெல்லாம் பென்சில் எழுத்து. 'இவ்வளவு கொடுத்தால் மாடும் சாகும்.' 'நாடி பார்க்கும் இடம் இது அல்ல.' 'முதலில் ஜன்னலைத் திறக்கவும்.' கடைப் புத்தகத்தில் கிறுக்கலாமா என்று கேட்க நினைத்தேன். அதற்குள் அடுத்தவர் எடுத்துப் போய்விட்டார். அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லோரும், "டிரஸ்ஸர் எழுதின கதை இருக்கா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். எழுதியவர் பேர் அட்டையில் பெரிதாக இருந்தும் ஒருவரும் அதைப் பார்க்கவில்லை.

ஒரு மழை நாளில் அந்தப் புத்தகத்தை நானே உட்கார்ந்து படித்தேன். பக்கத்துக்கு நாலு திருத்தம். ஆனால் கடைசி அத்தியாயத்தில் ஒரு கோடுகூட இல்லை. அதில் திராவகம் தீர்ந்துபோகிறது, டாக்டர் கட்டிலருகே உட்கார்ந்து மனைவியின் கையைப் பிடித்துக்கொள்கிறார், விடியும்போது அவள் போய்விடுகிறாள். அவ்வளவுதான். பென்சில் தீர்ந்துவிட்டதோ, படிக்காமல் விட்டாரோ என்று எனக்கு ஒரே குழப்பம். அடுத்த முறை வந்தபோது கேட்டேன். டிரஸ்ஸர் குடையை மடக்கி மூலையில் சாத்திவிட்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"அந்த இடத்துல அவன் பண்ணதுல தப்பு ஒண்ணுமில்லப்பா. மருந்து தீந்த பெறகு நானும் அதைத்தான் பண்றேன்."

பெரிய வீடு

அடுத்த கடை ஒரு சீனரின் கோப்பிக் கடை. அந்த முதலாளித் தவுக்கேக்கு எங்கள் சுவர்மேல் தீராத ஆச்சரியம். ஒருநாள் கடைக்கு முன்னால் அஞ்சடி நடைபாதையில் நின்று, இத்தனை புத்தகத்திலும் என்னதான் எழுதியிருக்கிறது என்று மலாயில் கேட்டார். எனக்கு அப்போது தெரிந்த மலாய் கடைத்தெரு மலாய். சாபம், பூர்வ ஜன்மம், மனச்சாட்சி இதற்கெல்லாம் என்னிடம் வார்த்தை இல்லை. "பெரிய வீடு. உள்ளே பேய். ஒரு பொம்பளை அழுதுகிட்டே இருக்கா. கிழவன் பேசமாட்டான்" என்று சொல்லி முடித்தேன். தவுக்கே கையிலிருந்த கோப்பிக் குவளையைக் கீழே வைத்தார். முகம் மாறிவிட்டது. பின்வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"அலாமாக்! என் மாமியார் வீட்டுக் கதைய உனக்கு யாரு சொன்னா?"

இரண்டு அட்டை

கள் குடிக்கக் கூடாது என்று தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசும் ஒரு சங்கம் அப்போது இருந்தது. அதன் செயலாளர் தணிகாசலம், கோட்டுப் போட்டவர், கண்டிப்பானவர். வாரம் ஒரு நீதி நூலும் ஒரு பேய் நாவலும் எடுப்பார். நாவலின் அட்டையைக் கழற்றிவிட்டு நீதி நூலின் அட்டையை மாட்டித் தரச் சொல்வார். "பொது வாழ்க்கையில இருக்கேன் பாருங்க" என்பார். எங்கள் நாவல்களில், ஒரே ஆள் பகலில் தர்மவானாகவும் இருட்டியதும் வேறு ஒருவனாகவும் திரிகிற கதை பத்துக்கு மேல் இருக்கும். அவர் விரும்பி எடுப்பதும் அந்தக் கதைகளையேதான். அதில் அவருக்கு ஏதாவது உறுத்துமா என்று முகத்தைப் பார்ப்பேன். ஒன்றும் தெரியாது. உறுத்தவேண்டியது அவருக்கா, அட்டை மாற்றித் தரும் எனக்கா என்றும் குழம்புவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில், வழக்கம்போல நீதி நூலிலிருந்து ஒரு பகுதி வாசிக்க எழுந்தவர், கைமாறி நாவலை எடுத்துவிட்டார். தலை குனிந்தபடி, 'அவள் கழுத்தில் அவன் விரல்கள் படிந்தன' என்று வாசித்த பிறகுதான் அவருக்கே புரிந்தது. நிறுத்தினார். பின்னாலிருந்து ஒரு பெண், "அப்பறம்?" என்றாளாம். மூன்று அத்தியாயம் வாசித்தாராம். கள்ளுக்கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர்கள்கூட வாசலில் செருப்போடு நின்று கேட்டார்களாம். மறுநாள் என்னிடம் வந்தார். திட்டப்போகிறார் என்று நான் எழுந்து நின்றுவிட்டேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டு சொன்னார்:

"இனிமே அட்டை மாத்த வேணாம். ரெண்டாவது பாகம் இருந்தா எடுத்து வைங்க, அடுத்த ஞாயித்துக்கெழமை நூறு பேரு வருவாங்க."

செத்தவன் திரும்பி வந்த கதை

இதை எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும் போலிருக்கிறது.

செல்லம்மா பால் மரம் வெட்டுகிறவள், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுப்பவள். ஆயர் ஹீத்தாம் சாலையில் ஒரு தோட்டம். முப்பது வயதிருக்கும். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஒரு ஞாயிறு காலை கடைக்கு வந்து, "செத்துட்டதா சொன்ன ஆளு திரும்பி வர்ற கதை ஏதாச்சும் இருக்குங்களா?" என்றாள். இருக்கிறதா என்றா கேட்டாள்? அந்தச் சுவரில் பாதி அதுதான். ஒன்றை எடுத்து நீட்டினேன். "படிச்சுச் சொல்லுங்க" என்றாள். அஞ்சடியில் ஒரு காலிப் பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டாள். கடையில் கூட்டமில்லை. மரைக்காயரும் ஒன்றும் சொல்லவில்லை. அரைமணி நேரம் வாசித்தேன். அடுத்த ஞாயிறும் வந்தாள். கப்பல் கவிழ்ந்து செத்ததாக எல்லோரும் நம்பிய ஒருவன், தாடியும் கந்தலுமாகத் தன் வீட்டு வாசலுக்கே வந்து நிற்கிறான். அம்மாவுக்கே அடையாளம் தெரியவில்லை. அந்த இடத்தில் செல்லம்மா முந்தானையை இறுகப் பிடித்துக்கொண்டாள். கதையில் லயித்துவிட்டாள் என்று நினைத்தேன். என் வாசிப்பின் திறமை என்று பெருமையாகக்கூட இருந்தது.

மூன்றாவது ஞாயிறு அவள் வரவில்லை. அவள் தோட்டத்துக்காரர் ஒருவர் வந்து சொன்ன பிறகுதான் எனக்கு விஷயமே தெரியும். ஆள் குறைப்பில் வேலை போன அவள் புருஷன் சின்னையா, வேலை தேடிக் குளுவாங் பக்கம் போயிருக்கிறான். ஆறு மாதம் கழித்து, காய்ச்சலில் செத்துப்போனான் என்று யாரோ எழுதிய ஒரு கடுதாசி வந்திருக்கிறது. சின்னையா என்ற பேரில் எத்தனையோ பேர், எழுதியவன் ஆள் மாறி எழுதியிருப்பான் என்று சொல்லி, அவன் செத்ததை அவள் நம்பவே இல்லை. தாலியைக் கழற்றவில்லை. இப்போது பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, புருஷனைத் தேடிக் குளுவாங்குக்கே கிளம்பிவிட்டாள். "கடையில படிச்ச கதையில வந்தானாமே" என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டுப் போனாளாம். மரைக்காயர் அன்றைக்குத்தான் முதல்முறையாக என்மேல் கோபப்பட்டார். "நாம கதை குடுக்குற ஆளுங்க. அந்தப் புள்ள உங்கிட்டச் சேதி கேட்டு வந்திருக்கு. அது தெரியாம வாசிச்சிருக்கியே!" என்றார். தெரியாமல்தான் வாசித்தேன். தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்பதும் தெரியவில்லை.

ஒரு மாதம் கழித்து ஒரு ஞாயிறு காலை, அதே பெட்டியில் செல்லம்மா உட்கார்ந்திருந்தாள். கழுத்து வெறுமையாக இருந்தது. நான் கேட்காமலே சொன்னாள். தோட்டம் தோட்டமாக நடந்து, கடைசியில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். சமாதிக்குப் பேர் இல்லை, ஒரு நம்பர் அடித்த பலகை மட்டும். ஆனால் ஆஸ்பத்திரி அலமாரியில் செத்தவர்களின் பொருளைத் துணியில் முடிந்து வைத்திருந்தார்கள். அதில் ஓர் இடுப்பு வார். பிய்ந்துபோன இடத்தில் கறுப்பு நூலால் தைத்த ஒட்டு. "நான் தச்சதுங்க. நூலு பத்தாம பாதியில நிறுத்திட்டேன். அது அப்படியே இருந்துச்சு" என்றாள். நான் மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்பதுபோலப் பார்த்தாள். "நீங்க படிச்சதாலதான் போனேன். போகலன்னா நான் இன்னும் வாசலையே பாத்துக்கிட்டு இருப்பேன்" என்றாள். பிறகு, "அந்தக் கதையில மிச்சத்தைப் படிங்க" என்றாள்.

புத்தகத்தை எடுத்தேன். மிச்சத்தில், கந்தல்காரன் தன் மனைவியின் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறான், அவள் குரலை அடையாளம் கண்டு ஓடி வருகிறாள், ஊரே கூடுகிறது. இதை இவளிடம் எப்படி வாசிப்பது? மாற்றிச் சொல்லலாமா? அவன் வழியிலேயே செத்துவிட்டான் என்று சொன்னால் ஆறுதலாக இருக்குமா, கொடுமையாக இருக்குமா? இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் இதற்கெல்லாம் பாடம் சொல்லித்தரவில்லை. உள்ளே மரைக்காயர் தொப்பிகளை எண்ணுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், உள்ளதை உள்ளபடியே வாசித்தேன். செல்லம்மா கடைசி வரி வரைக்கும் தலையைத் தூக்கியபடி கேட்டாள். முடிந்ததும் எழுந்து, புடவைத் தூசியைத் தட்டிக்கொண்டு சொன்னாள்:

"நல்லா இருக்கட்டும். அவ ஒருத்திக்காச்சும் வந்து சேந்தானே."

நான் எழுதியது

இத்தனையும் பார்த்த பிறகும் எனக்குப் புத்தி வந்ததா என்றால் இல்லை. நாமும் ஒரு நாவல் எழுதினால் என்ன என்று தோன்றிவிட்டது. கரு எல்லாம்தான் என் விரல் நுனியில் இருந்ததே! ஆற்று முகத்துவாரத்தில் ஒரு பாழடைந்த பங்களா, ஏழு தலைமுறைச் சாபம், இரண்டு பிள்ளைகளை விட்டுவிட்டுக் கொல்லப்பட்டு ஆவியாகத் திரும்பி வரும் மனைவி, மூன்று இடி, ஒரு புயல். நாற்பது வாரம் எழுதி, அழகாகத் தைத்து, எழுதியவர் பேரில்லாமல் சுவரில் மற்ற புத்தகங்களோடு சொருகிவிட்டேன். இரண்டு மாதம் ஒருவரும் தொடவில்லை. அப்புறம் தமிழ்ப் பள்ளிக்கூடத்து ரத்தினம் டீச்சர் எடுத்தார். புருஷனை இழந்து, இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு தனியாக இருப்பவர். நிறையப் படிப்பவர். அதிகம் பேசாதவர்.

நாலாம் நாளே திருப்பிக் கொண்டுவந்தார். நான் வேறு ஏதோ வேலை செய்வதுபோல ஏணியில் ஏறி நின்றுகொண்டேன். "எழுத்து நல்லாத்தான் இருக்கு. யாரு எழுதினது?" என்றார். தெரியாது, தொங்கானில் வந்தது என்றேன். "கல்யாணம் ஆகாத ஆள்னு நினைக்கிறேன்" என்றார். ஏணி ஆடியது. எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். ஆவியாக வந்த மனைவி முதல் வேலையாகக் கதவையெல்லாம் அறைந்து, பழி வாங்குவேன் என்று அலறும் பக்கத்தைப் பிரித்துக் காட்டினார். அந்தப் பக்கத்தை எழுதிவிட்டு நான் ஒருவாரம் கர்வமாகத் திரிந்திருக்கிறேன். டீச்சர் புத்தகத்தை மூடி, மேஜையில் நேராக வைத்தார்:

"ரெண்டு புள்ளைய விட்டுட்டுச் செத்தவ திரும்பி வந்தா, பழி எல்லாம் பெறகுதான். மொதல்ல, புள்ளைங்க சாப்புட்டுச்சான்னு கேப்பா."

அந்த நாவலை நான் திருத்தவும் இல்லை, கிழிக்கவும் இல்லை. மூன்று வருஷம் பத்து பாகாட்டுக்கே பயத்தை வாடகைக்கு விட்டவனுக்கு, பயப்பட வந்தவர்கள் எல்லாம் ஏன் வேறெதையோ எடுத்துக்கொண்டு போனார்கள் என்று மட்டும் இன்றுவரை பிடிபடவே இல்லை.